இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்

இரண்டு மணிக்குக் கரண்ட் வரும். பேப்பரில் போட்டிருக்கிறது என்று நான் வேலைக்கு வந்த வீட்டுப் பெண் வாசித்துச் சொன்னாள், நான் கேட்கவில்லை, அவளாகத்தான் வாசித்தாள், காலை ஒன்பது முதல் பகல் இரண்டு வரை மாதாந்திரப் பராமரிப்பு, நாற்பத்தைந்து வருடம் கரண்டோடு கிடந்தவனுக்குப் பேப்பர் வேறு சொல்ல வேண்டுமாக்கும். ஆனால் அப்போது இரண்டு மணி என்பது எனக்கு வெறும் இரண்டு மணிதான், வேலையை முடித்து, கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடலாம் என்று இருந்தேன், பன்னிரண்டே காலுக்குக் கையைத் துடைக்கத் துணி தேடித் திரும்பியபோது சுவரில் அந்தப் போட்டோவைப் பார்க்கும் வரை. நடுவில் பட்டம் வாங்கிய கறுப்பு அங்கியோடு இந்தப் பெண், ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா. அப்பாவின் இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த ஒரு வெட்டு. அது ஏணியிலிருந்து விழுந்த வெட்டு, கோவில்பட்டியில், நான்தான் துண்டை வைத்து அமுக்கிப் பிடித்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். மரியசூசை. என் தம்பி தங்கப்பழத்தைக் கொன்றவன் என்று முப்பத்தொரு வருடமாக நான் சொல்லிவருகிற மரியசூசை. அவன் வீடு என்று தெரிந்திருந்தால் வந்திருப்பேனா, கண்ணாடிக் கடைக்காரர் அட்ரஸ் மட்டும்தான் சொன்னார், பாளையங்கோட்டையில் நாலாவது மாடி, பொம்மை அலமாரிக்கு லைட் போட வேண்டும், அவ்வளவுதான். அவன் கீழேதான் இருக்கிறான். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தவனுக்கு முட்டு வலி, லிஃப்ட் ஓடவில்லை, ஜெனரேட்டர் ரிப்பேர், வாட்ச்மேன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறானாம், கரண்ட் வந்ததும் மேலே வருவானாம். நான் வந்தபோது வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது, அவன் வருவதற்கு முன்னால் நான் ஏறிவிட்டேன். ஆக இரண்டு மணிக்கு முன்னால், அவன் மேலே வந்து நிற்பதற்கு முன்னால், நான் இறங்கித் தலையைக் குனிந்தபடி அவனைத் தாண்டிவிட வேண்டும்.

கை அதன்பாட்டுக்கு வேலை செய்கிறது. அலமாரி ஆள் உயரம், மூன்று பக்கம் கண்ணாடி, பின்னால் பிளைவுட், ஐந்து தட்டு, தட்டும் கண்ணாடிதான். ஒவ்வொரு தட்டுக்கும் மேல் ஓரத்தில் அலுமினியச் சேனல், சேனலுக்குள் எல்.இ.டி. பட்டை, அதன்மேல் பால் நிற மூடி, வயர் வெளியே தெரியக் கூடாது, சூடு உள்ளே தங்கக் கூடாது, சூடு தங்கினால் பொம்மை பிசுபிசுத்துப் போகும் என்று அந்தப் பெண் நாலு தரம் சொல்லிவிட்டாள். பொம்மைகளை அவளே எடுத்துக் கட்டில்மேல் வரிசையாகப் படுக்கவைத்திருந்தாள், நீலத் தலைமயிர் வைத்த ஒரு பெண் பிள்ளை, தன் உயரத்துக்கு மேல் கத்தி வைத்திருக்கிற ஒருவன், இரும்பு மனிதர்கள், சிறகு முளைத்த பூனை, எல்லாம் ஜப்பானிலிருந்து வந்ததாம், ஒரு தட்டு முடிந்ததும் அந்தத் தட்டுப் பொம்மைகளை அவளே கொண்டுவந்து நிறுத்துகிறாள், பிணத்தைத் தூக்குவதுபோல, ஒரு கை தலைக்குக் கீழே, ஒரு கை காலுக்குக் கீழே. வெயில் பட்டால் சாயம் போகும் என்று ஜன்னலெல்லாம் திரை போட்டு மூடியிருந்தது, பகலிலேயே அரை இருட்டு, எனக்கு அரை இருட்டு ஆகாது. பட்டையில் மூன்று விளக்குக்கு ஒரு கோடு உண்டு, அந்தக் கோட்டில்தான் வெட்ட வேண்டும், கோடு தப்பினால் மூன்றும் செத்துப்போகும். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, கோடு பார்த்து, கோடு பார்த்து வெட்டினேன். ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கரண்ட் இல்லை, அதனால் கிளிப் போட்டு இணைத்தேன். எல்லாம் பன்னிரண்டு வோல்ட், மெயின் கரண்டை டிரைவர் என்கிற சின்னப் பெட்டி இறக்கிக் கொடுத்துவிடும். நாக்கில் வைத்தால்கூட ஒன்றும் செய்யாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்ணாடி அலமாரிக்குள் தலையை விட்டுச் சாக முடியாது.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டியோட பேப்பரு இங்க கெடக்கு. இங்கிலீஷ்ல இருக்கு, வாசிக்கட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன் போல, "இல்ல, சும்மா கேட்டேன்" என்று தள்ளிப் போனாள். அவள் மேல் என்ன தப்பு. அந்த வார்த்தைதான் எனக்கு ஆகாது. வாசிக்கட்டா. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் தேர்முட்டிக்குப் பக்கத்துப் பாத்திரக்கடையில், முதலாளி முன்னால், கடைப் பையன்கள் முன்னால், ட்யூப்லைட் பெட்டி மேல் எழுதியிருந்ததை நான் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கப்பழம் சிரித்துக்கொண்டே வாங்கினான், "குடுண்ணே, நான் வாசிக்கேன். எங்க அண்ணனுக்கு வேலை தெரியும், எழுத்துதான் கண்ணைக் கட்டும்." அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூட வேலை பார்த்த சூசைதான் சிரித்தான். சூசை சிரித்ததால் கடைப் பையன்களும் சிரித்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றதே அவன் பத்துவரை படிக்கத்தான், அதை அந்த இடத்தில் சொல்ல முடியுமா, சொல்லவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டேன். பதினோரு நாள். ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே சைக்கிளில் வந்து, ஒரே கடையில் வேலை பார்த்து, பதினோரு நாள் அவனோடு ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அது வரும். எதையும் மறக்க மாட்டேன். யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில், என்ன சட்டை போட்டிருந்தார்கள், எல்லாம் எனக்கு நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவன் வேறு எங்கே வைப்பான்.

அவள் போன் அடித்தது. சத்தமாகப் போட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் பொம்மையைத் துடைத்தாள். அவன் குரல். முப்பத்தொரு வருடத்தில் தடித்துப்போயிருந்தது, ஆனாலும் அதே இழுவை. "பிரிசி, லைட்டு போட ஆளு வந்தாச்சா?" "வந்தாச்சுப்பா, வேலை நடக்கு. உங்களுக்குத் தண்ணி கொண்டாரட்டா?" "வேண்டாம்ட்டி, வாட்ச்மேன் மோரு குடுத்தான், உப்பத்தான் அள்ளிக் கொட்டிட்டான், கடல்ல குளிச்ச மாதிரி இருக்கு. மெயினை எறக்கிட்டியா?" "கரண்டே இல்லப்பா!" "இல்லாட்டாலும் எறக்கு. ரெண்டு மணின்னு போட்டுட்டு ஒண்ணரைக்கே விட்டுருவானுவ. எறக்கி, மேல டேப் ஒட்டு. அந்தாளு கண்ணால பாக்கணும். அவரு பாத்தாரான்னு கேளு." அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கப்பாவுக்கு இது ஒரு கோட்டி, அண்ணாச்சி. பல்பு மாத்தக்கூட மெயினை எறக்கணும். வாங்க, வந்து பாத்துட்டுப் போங்க, இல்லாட்டி விட மாட்டாங்க." நான் போனேன். வாசல் பக்கத்துப் பெட்டியில் மெயினை இறக்கினாள், மேலே டேப் ஒட்டினாள், நான் பார்த்தேன். "பாத்துட்டாருப்பா." "அவரு பேரென்ன?" அவள் என் பக்கம் திரும்பினாள். "லிங்கம்னு சொல்லும்மா" என்றேன், குரலைத் தாழ்த்தி, கன்னத்தில் வெற்றிலை அடக்கிக்கொண்டு பேசுகிறவன் மாதிரி. "லிங்கமாம்ப்பா." அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "சரிம்மா" என்றான். ஒன்றும் கேட்காமல் இருந்தது எவ்வளவு நேரம், ஒரு மூச்சா, இரண்டு மூச்சா, மோர் குடித்தானா, வாட்ச்மேன் ஏதாவது சொன்னானா. பூவலிங்கம் என்ற என்னை ஊரில் யாரும் லிங்கம் என்று கூப்பிட்டதில்லை, பூவு என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் அப்படித்தான். லிங்கம் என்றால் ஆயிரம் லிங்கம். நான்காவது தட்டுக்குப் பட்டை வெட்டும்போது கோடு தப்பிவிட்டது.

நாங்கள் அப்போது மெயினை இறக்க மாட்டோம், கடை நடக்க வேண்டும். மூன்று பேஸ் லைன், போர்டில் மூன்று பீங்கான் ப்யூஸ் கட்டை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நானே பெயின்ட்டில் புள்ளி வைத்திருந்தேன், எழுத்து வேண்டாம் பார், புள்ளி போதும். எந்த லைனில் ஆள் நிற்கிறானோ அந்தக் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். போர்டு மேல் வைக்கக் கூடாது, யாராவது எடுத்துச் செருகிவிடுவான். பிடுங்கியவன்தான் திரும்பப் போட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. பிடுங்கியதும் "எடுத்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும், லைனில் நிற்கிறவன் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு "செத்துருச்சு" என்று பதில் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் தங்கப்பழத்துக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், சூசையும் என்னோடு சேர்ந்துதான் தொழில் படித்தான். அன்று தங்கப்பழம் பாத்திரக் கண்ணாடிப் பெட்டிக்குள் இடுப்புவரை நுழைந்து நிற்கிறான், இரும்புச் சட்டம், உள்ளே ட்யூப்லைட், நீல லைன். நான் மாடிப்படிக்குக் கீழே போர்டு முன்னால். அரை இருட்டு. அந்தப் பக்கம் சூசையும் அவனும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், என்னைப் பற்றித்தான், எழுத்தைப் பற்றித்தான், வேறு எதற்குச் சிரிப்பார்கள். காதை அங்கே வைத்துக்கொண்டு கையால் கட்டையைப் பிடுங்கி டவுசர் பையில் போட்டேன். குரல் கொடுக்கவில்லை. குரல் கொடுத்தால் பேசியது மாதிரி ஆகிவிடும். சூசையைக் கூப்பிட்டு, "எடுத்தாச்சுன்னு அவன்ட்ட சொல்லு" என்றேன். "ஏம்ல, அவன் அங்கனதான நிக்கான், நீயே சொல்லேன்." "நீ சொல்லுல." "சரி, நான்தான் உங்க ரெண்டு பேருக்கும் தந்திக் கம்பி" என்று போனான். "ஏல தங்கம், உங்க அண்ணாச்சி உத்தரவு போட்டாச்சு, கைய வைல." தங்கப்பழம் சிரித்தது எனக்குக் கேட்டது. அண்ணன் எடுத்துவிட்டான் என்றால் எடுத்துவிட்டான், அவன் டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லை. நான் டீ குடிக்க வெளியே போனேன்.

அலறல் கேட்டுத் திரும்பி ஓடிவந்தபோது சூசை போர்டில் நின்றான், அவன் கை மெயினில் இருந்தது. அதைத்தான் நான் பார்த்தேன். அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். இறக்கத்தான் ஓடினேன் என்று அவன் சொன்னான். "நான் எடுத்து வச்ச கட்டையை இவன் போட்டுட்டான்" என்று நான் கத்தினேன், அப்போது அது எனக்கு நிஜம், சத்தியமாக நிஜம். அதை நான் இப்போதும் சொல்வேன், சாயங்காலம்வரை அது நிஜம். சாயங்காலம் ஆஸ்பத்திரிப் பிணவறை வராந்தாவில், ட்யூப்லைட்டுக்குக் கீழே, முகம் துடைக்கக் கைக்குட்டை எடுக்க டவுசர் பையில் கையை விட்டேன். பீங்கான். என் பையில் இருக்கிறதை எவன் போர்டில் போட்டிருப்பான். வெளியே எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் புள்ளி, நீலம் இல்லை. திரும்ப உள்ளே போட்டுக்கொண்டேன். அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம், நாலு எட்டில் போலீஸ்காரர் நின்றார், சூசையும் நின்றான், சட்டை கிழிந்து, புருவத்து வெட்டு திரும்பப் பிளந்து ரத்தம் வழிய, என் சித்தப்பா மகன்கள் அடித்த அடி. மறுநாள் ஸ்டேஷனில் எழுதுகிறவர் கேட்டார், "கட்டையைப் புடுங்கி எங்கய்யா வச்ச?" நான் சொன்னேன், "போர்டு மேல." ஒரு சொல். எழுதிக்கொண்டார், என்ன எழுதினார் என்று எனக்கு வாசிக்கத் தெரியாது, எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து என் பெயர், அதைப் போட்டேன். அதற்குள் கடைக்காரர் போர்டில் புதுக் கட்டை வாங்கிச் செருகிவிட்டார், கடை திறக்க வேண்டும், எது இருந்தது எது இல்லை என்று யாரும் எண்ணவில்லை.

கேஸ் நிற்கவில்லை. ஆனால் லைசென்ஸ் போயிற்று, ஒரு கடையிலும் அவனைப் போர்டுப் பக்கம் விடவில்லை, கட்டை போட்ட சூசை என்று பெயர் ஆயிற்று, அந்தப் பெயரை முதலில் சொன்னது நான். அவன் பம்பாய்க்குப் போனான், எங்கோ மூட்டை தூக்கினான் என்று கேள்வி. நல்லா வேணும் என்றேன். அப்படித்தான் சொன்னேன். ஏன் சொல்ல மாட்டேன், அவன் சிரித்தானா இல்லையா, அவன் சிரிக்காவிட்டால் கடைப் பையன்கள் சிரித்திருப்பார்களா, நான் பேசாமல் இருந்திருப்பேனா, என் காது அந்தப் பக்கம் போயிருக்குமா. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் அவன்தான் கொன்றான். இப்படித்தான் தினமும் வருவேன், ஆனால் மஞ்சள் புள்ளிக்குக் கிட்டே வந்ததும் கால் இடறும், திரும்பவும் சிரிப்பிலிருந்து ஆரம்பிப்பேன். கட்டை என் பையில்தான் இருக்கிறது, இந்தக் காக்கிப் பையில், டெஸ்டருக்கும் டேப்புக்கும் கீழே. ஒரு தரம் தாமிரபரணியில் போடப் போய்ப் பாலத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். போட்டால் நான் ஒளித்தது மாதிரி ஆகிவிடும். வைத்திருந்தால் ஒளிக்கவில்லை, வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்றே காலுக்கு ஐந்தாவது தட்டும் முடிந்தது. டிரைவர் பெட்டியை அலமாரிக்கு வெளியே, மேலே வைத்தேன். கரண்ட் வரும்வரை காத்திருக்க முடியாது, என் டிரில்லிங் மெஷின் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்தான், அதைக் கழற்றிப் பட்டைகளுக்குப் போகிற வயரின் இரண்டு முனையிலும் வைத்தேன். எரிந்தது. அந்த இருட்டு அறையில் ஐந்து தட்டும் ஒன்றாக எரிந்தது, சத்தமில்லாமல், வெள்ளையாக, ஒவ்வொரு பொம்மையும் எழுந்து நின்ற மாதிரி, மூக்கு, விரல், கத்தி நுனி, ஒன்றுக்கும் நிழல் இல்லை. கண்ணாடியில் என் மூஞ்சியும் தெரிந்தது, பொம்மைகளுக்கு நடுவில். "ஐயோ, அண்ணாச்சி!" என்று அவள் கையைத் தட்டினாள். "சூப்பரு. அப்பா பாக்கணுமே." நடுத்தட்டில் ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே எது என்று கேட்டேன், ஏன் கேட்டேனோ. "அது இன்னும் வரல, அடுத்த மாசம் வரும். அதுக்குத்தான் எடம் விட்டிருக்கேன்." பேட்டரியை எடுத்தேன், அணைந்தது. "கரண்ட் வந்ததும் மெயினை ஏத்திட்டு இந்தச் சுவிட்சைப் போடும்மா, எரியும். நான் கெளம்புதேன்." "இருங்க அண்ணாச்சி, அப்பா வந்துரட்டும், அவங்களும் வயர்மேனாத்தான் இருந்தாங்க, பாத்து ஒரு வார்த்தை சொன்னா எனக்குத் திருப்தி. காப்பி போடுதேன், கேஸு அடுப்புதான்." அவங்களும் வயர்மேனாத்தான் இருந்தாங்க. எவ்வளவு லேசாகச் சொன்னாள். அவளுக்கு அவன் எதுவும் சொல்லியிருக்க மாட்டான். அவள் அடுப்படிக்குள் போனாள், பாத்திரம் உருண்டது. நான் சாமான்களைப் பைக்குள் போட்டேன், டெஸ்டர், கத்தரி, டேப், விரல் அடியில் கிடந்த கட்டையில் பட்டது, எடுத்தேன், கண்ணாடிக் கதவைத் திறந்தேன், நடுத்தட்டில் அந்தக் காலி இடத்தில், புள்ளி வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன், மூடினேன். யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். "வாரேம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மூன்றாவது மாடி, இரண்டாவது மாடி, மனசு லேசாக இருந்தது, லேசாக இருக்கிறதே என்று நினைத்ததும் போய்விட்டது. முதல் மாடித் திருப்பத்தில் அவன் குரல் கேட்டது, வாட்ச்மேனிடம், "உங்க மோரைக் குடிச்சிட்டு எனக்கு மேல போறதுக்கு லிஃப்ட்டே வேண்டாம்வே, நேராப் போயிருவேன் போலருக்கு." இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான். படி அவன் முன்னால்தான் போய் முடிகிறது, வேறு வழி இல்லை. சிரிக்கிறவனுக்கு நான் எதற்குக் கட்டையைக் கொடுக்க வேண்டும். அவனுக்கு மகள் இருக்கிறாள், கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கியிருக்கிறாள், ஜப்பானிலிருந்து பொம்மை வருகிறது, எனக்கு என்ன இருக்கிறது, எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. திரும்பினேன். மேலே போய், எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்போது சுவருக்குள் ஏதோ உறுமியது, படியில் இருந்த குழல்விளக்கு இரண்டு தரம் துடித்து எரிந்தது. ஒன்றரைதான் ஆகியிருந்தது. அவன் சொன்னது மாதிரியே ஒன்றரைக்கே விட்டுவிட்டார்கள். லிஃப்ட் என்னைத் தாண்டி மேலே போனது.

நான் ஏறினேன். கடைசிப் படிவரிசைக்குக் கீழே நின்றுவிட்டேன். காற்றுக்காகத் திறந்து வைத்த கதவு அப்படியே திறந்திருந்தது. "அப்பா, இருங்க, இருங்க, கண்ணை மூடுங்க" என்றாள் அவள், பெட்டியில் டேப்பைப் பிய்க்கிற சத்தம், சுவிட்ச் சத்தம். வெள்ளை வெளிச்சம் வாசல்வரை வந்து விழுந்தது. "இப்பத் தெறங்க. எப்படி?" "ஏ அப்பா" என்றான், "நகைக்கடை கெட்டது போ." தடியை ஊன்றி ஊன்றிக் கிட்டே போகிற சத்தம். பிறகு தடி நின்றது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, எண்ணினேன், ஏழு. "என்னப்பா? அட, இது என்னது, பீங்கான்ல? அந்த அண்ணாச்சி மறந்து வச்சிட்டாரோ." தடி சத்தம் திரும்பி வந்தது, வாசலை நோக்கி, நான் சுவரோடு ஒட்டினேன், ஆனால் வாசலுக்கு வரவில்லை, பெட்டியோடு நின்றது. டக். வாசலில் கிடந்த வெளிச்சம் போய்விட்டது.

"ஏம்ப்பா மெயினை எறக்குதீங்க? வேலைதான் முடிஞ்சிட்டே."

"முடியல. கட்டை வெளிய இருந்தா ஆளு இன்னும் லைன்ல நிக்கான்னு அர்த்தம்."

"எந்த ஆளு?"

டேப் கிழிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது, நீளமாக, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிடுங்கியவன்தான் திரும்பப் போட வேண்டும், பிடுங்கியவன் நான். அதுவரை அவன் அந்த மெயினைத் தொட மாட்டான், யாரையும் தொடவிட மாட்டான், எனக்குத் தெரியும், அவன் அப்படிப் படித்தவன். இரும்புக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். எனக்கு மேலே பதினோரு படி இருந்தது.